ஒரே வருகையில் இரு பாதுகாப்பு: ஓபியாய்டு சிகிச்சையும் தொற்றுத் தடுப்பும்

ஹெராயின், அபின், சில வகை வலிநிவாரண மாத்திரைகள் ஆகியவை ஓபியாய்டு என்னும் ஒரே மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றை ஊசி வழியாகச் செலுத்திக்கொள்வோர் ஊசி, சிரிஞ்சு ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்ளும்போது எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி ஆகிய மூன்று கிருமிகளும் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவக்கூடும். மருந்து கரைக்கும் பாத்திரம், தண்ணீர், வடிகட்டும் பஞ்சு ஆகியவற்றைப் பகிர்வதும் ஆபத்தே.

போதை நோய்க்கு ஓரிடம், இரத்தப் பரிசோதனைக்கு மற்றோரிடம், தடுப்பூசிக்கு வேறோரிடம் என்று அலைய நேர்ந்தால் பலர் பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றனர். மருந்துக்காக நாள்தோறும் வருபவர், அந்த வருகையிலேயே மற்றவற்றையும் பெற முடிந்தால் இந்த இடைவெளி குறையும். ஆகவேதான் இவ்விரண்டையும் இணைத்து வழங்க வேண்டும் என்று நாங்கள் வலியுறுத்துகிறோம்.

மாத்திரை என்ன செய்கிறது?

பியூப்ரினார்ஃபின் மாத்திரை நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கப்படுகிறது. ஹெராயின் மூளையில் எந்த இடங்களைப் பற்றுகிறதோ அதே இடங்களை இதுவும் பற்றுகிறது; ஆனால் ஓரளவே தூண்டுகிறது. இதனால் உடல்வலி, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை ஆகிய விலகல் துன்பங்கள் தணிகின்றன; ஊசியைத் தேடும் வேட்கையும் குறைகிறது.

முதல் மாத்திரையை விலகல் அறிகுறிகள் தொடங்கிய பிறகே கொடுக்க வேண்டும். முன்னதாகக் கொடுத்தால் அத்துன்பங்கள் திடீரெனக் கடுமையாகும். எனவே கடைசியாக எதை, எப்போது பயன்படுத்தினார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள்.

“ஒரு போதைக்குப் பதிலாக மற்றொன்றா?” என்று குடும்பத்தினர் கேட்பதுண்டு. அளவறிந்து, கண்காணிப்பில் தரப்படும் இம்மருந்து ஊசியின் தேவையைக் குறைத்து, வேலைக்கும் வீட்டுக்கும் திரும்ப வழி செய்கிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இத்தகைய மாற்று மருந்துச் சிகிச்சையில் தொடர்ந்து இருப்போருக்கு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி ஆகியவை தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. ஒவ்வொரு முறையும் புதிய ஊசி கிடைக்கும் ஏற்பாடும் சேர்ந்தால் பலன் மேலும் கூடுகிறது.

மூன்று தொற்றுகள், மூன்று வழிகள்

எச்.ஐ.வி.: ஆலோசனைக்குப் பின், ஒப்புதலுடன் மட்டுமே பரிசோதனை செய்யப்படும். தொற்று இருப்பின் அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் கூட்டு மருந்து இலவசம். தொற்று இல்லை என்று வந்தாலும், ஊசிப் பழக்கம் தொடரும் வரை ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் பரிசோதிப்பது நல்லது.

ஹெபடைடிஸ் பி: இதற்குத் தடுப்பூசி உண்டு. முதல் ஊசிக்குப் பின் ஒன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் எஞ்சிய இரண்டையும் போட்டுக்கொள்ள வேண்டும். வாழ்க்கைத் துணைக்கும் இது தேவைப்படலாம்.

ஹெபடைடிஸ் சி: தடுப்பூசி இல்லை, ஆனால் குணப்படுத்தலாம். பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு வார மாத்திரைச் சிகிச்சை போதும். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் இது இலவசமாகக் கிடைக்கிறது. போதைப் பழக்கம் முற்றிலும் நின்ற பிறகே இதைத் தொடங்க வேண்டும் என்பதில்லை. குணமானவருக்கும் மீண்டும் தொற்றக்கூடும் என்பதால் மாற்று மருந்தை விடாமல் தொடர்வது இங்கும் காப்பாகிறது.

குடும்பத்தினர் கவனத்திற்கு

• “உடல் தேறிவிட்டது, இனி மாத்திரை எதற்கு?” என்று நிறுத்தச் சொல்லாதீர்கள். இடையில் நிறுத்தியவரின் உடல், பழைய அளவைத் தாங்கும் ஆற்றலை இழந்திருக்கும். அவர் பழைய அளவிலேயே மீண்டும் செலுத்திக்கொண்டால் மூச்சு நின்று உயிரிழக்க நேரிடும். நிறுத்தும் காலத்தை மருத்துவருடன் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும்.

• மதுவையும் தூக்க மாத்திரைகளையும் இம்மருந்துடன் சேர்ப்பது ஆபத்து. எழுப்பியும் எழாமை, மிக மெதுவான மூச்சு, நீலம் பாய்ந்த உதடு ஆகியவற்றைக் கண்டால் உடனே 108ஐ அழையுங்கள். மூச்சு இருப்பின் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

• ஒரே தட்டில் உண்பதாலோ அணைப்பதாலோ இக்கிருமிகள் பரவுவதில்லை. சவரக்கத்தி, பல் துலக்கும் பிரஷ் ஆகியவற்றை மட்டும் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

• பரிசோதனை முடிவை எங்களிடம் கேட்கும் உங்கள் கவலையை உணர்கிறோம். எனினும் எச்.ஐ.வி. நிலையை நோயாளியின் ஒப்புதலின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அந்த நம்பிக்கை இருப்பதால்தான் பலர் பரிசோதனைக்கு முன்வருகின்றனர். அவர் விரும்பினால், ஆலோசகர் முன்னிலையில் சேர்ந்து பேசலாம்.

ஒருநாள் மருந்து தவறிவிட்டாலும், மீண்டும் ஊசி போட்டுக்கொண்டாலும், தயங்காமல் மறுநாளே வாருங்கள். அந்த நிலையில்தான் சிகிச்சை மிகவும் தேவைப்படுகிறது. எச்.ஐ.வி. தொடர்பான ஐயங்களுக்கு 1097 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.