24 குரல்கள், ஒரே தடம்

டி1 என்னும் லீஸ்டு லைனின் வேகம் விநாடிக்கு 15,44,000 பிட். கணினிக்காக யாரும் தேர்ந்தெடுத்த எண் அல்ல இது. மனிதர்கள் தொலைபேசியில் பேசும் பேச்சிலிருந்து பிறந்தது.

அமெரிக்க நகரங்களில் எக்ஸ்சேஞ்சுகளுக்கு இடையே புதிய கேபிள் போடத் தெருவைத் தோண்டுவது பெருஞ்செலவு. புதைந்து கிடக்கும் செப்புக் கம்பியிலேயே கூடுதல் பேச்சை ஏற்ற பெல் நிறுவனம் 1962இல் டி1ஐப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. பேச்சு புரிய 4,000 ஹெர்ட்சுக்குக் கீழுள்ள அதிர்வுகளே போதும். அதற்கு இருமடங்காக, விநாடிக்கு 8,000 முறை குரலை அளந்தால் மறுமுனையில் அதை மீட்டுவிடலாம். ஓர் அளவுக்கு 8 பிட். 24 பேரின் அளவுகளை வரிசையாகக் கோத்தால் 192 பிட். வரிசை எங்கே தொடங்குகிறது என்று காட்ட இன்னும் ஒரு பிட். 193ஐ 8,000ஆல் பெருக்கிப் பாருங்கள், மேலே சொன்ன எண் வந்துவிடும்.

எனக்கு இதைவிடப் பெரிய சாதனையாகப் படுவது, வழியில் சுமார் 6,000 அடிக்கு ஒன்றாக வைத்த ரிப்பீட்டர்தான். பழைய பெருக்கிகள் குரலோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கின. ரிப்பீட்டரோ, வந்தது பிட்டைக் குறிக்கும் மின்துடிப்பா இல்லையா என்று மட்டும் தீர்மானித்து, துடிப்பென்றால் புதிதாக ஒன்றை அனுப்பும். செல்லரித்த சுவடியைப் படித்து, புது ஓலையில் எழுதிவைப்பது போன்ற வேலை. அதனால் தூரம் கூடினாலும் இரைச்சல் சேர்ந்துகொண்டே போவதில்லை.

இந்தத் தடத்தை நிறுவனங்கள் மாத வாடகைக்கு எடுத்தன. டயல் செய்ய வேண்டாம். இரு திசையிலும் ஒரே வேகம், வேறு யாருக்கும் அதில் பங்கில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை இணைத்த என்எஸ்எஃப்நெட் 1986இல் 56 கிலோபிட் லைன்களில் தொடங்கி, 1988இல் டி1க்கு மாறியது. அதுவும் போதாமல் அடுத்த சில ஆண்டுகளில் டி3, அதாவது 44.736 மெகாபிட். 28 டி1களைச் சேர்த்தது டி3. ஆனால் கூட்டிப் பார்த்தால் 43.232தான் வரும். ஒவ்வொரு டி1இன் கடிகாரமும் இம்மியளவு முன்பின்னாக ஓடும். அதைச் சரிக்கட்டும் நிரப்புப் பிட்டுகளும் அடையாளப் பிட்டுகளும்தான் மீதி.

ஐரோப்பா 24க்குப் பதில் 32 இடங்கள் கொண்ட இ1ஐ எடுத்துக்கொண்டது, வேகம் 2.048 மெகாபிட். இந்தியாவிலும் அதுதான். அலுவலகங்கள் தொலைபேசிக்காக எடுக்கும் பிஆர்ஐ லைனில் ஒரே நேரத்தில் 30 அழைப்புகள் போவது இதனால்தான். மீதி இரண்டு இடங்கள் ஒழுங்குக்கும் சமிக்ஞைக்கும்.

பின்னர் ஒளியிழையில் வந்த எஸ்டிஎம்-1 என்னும் தடத்தின் வேகம் 155.52 மெகாபிட். அதன் ஒரு சட்டகத்தில், அதாவது ஒரு வரிசையில், 2,430 பைட். அந்தச் சட்டகமும் விநாடிக்கு 8,000 முறைதான் வருகிறது.