முற்றுகைக்குள் எழுதப்பட்ட கிரயப் பத்திரம்

எதிர்காலத்தில் வரவிருக்கும் பலனுக்கு இன்று என்ன மதிப்பு? பொருளியல் வகுப்பில் நான் ஆண்டுதோறும் நடத்திய பாடம் இது. பலன் கைக்கு வரும் நாள் தள்ளிப்போகப் போக அதன் இன்றைய மதிப்பு தேய்ந்துகொண்டே போகும். வாய்பாடு சரியானதுதான். ஆனால், விவிலியத்தின் எரேமியா நூலில், 32-ஆவது அதிகாரத்தில் வரும் நிலப் பேரம் ஒன்று அதற்குள் அடங்க மறுக்கிறது.

காலம், கி.மு. 587-ஐ ஒட்டியது. பாபிலோனியப் படை எருசலேமைச் சூழ்ந்து நிற்கிறது. நகரம் வீழும் என்று முன்னுரைத்ததற்காகவே எரேமியா காவல் முற்றத்தில் அடைக்கப்பட்டிருக்கிறார். அங்கே வந்த அவருடைய பெரிய தந்தை முறையினரின் மகன், ஆனதோத்தில் உள்ள தன் வயலை வாங்கிக்கொள்ளும்படி கேட்கிறார். குடும்ப நிலத்தை மீட்கும் உரிமை நெருங்கிய உறவினருக்கு உண்டு என்பது அக்கால வழக்கம். விற்பவருக்குக் காரணம் இருக்கிறது. கைதிக்கு வயல் எதற்கு?

எரேமியா வாங்குகிறார். 17 சேக்கல் வெள்ளியை, ஏறத்தாழ 200 கிராம், தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். சாட்சிகள் கையொப்பமிடுகின்றனர். முத்திரையிட்ட படி ஒன்று, திறந்த படி ஒன்று. இரண்டையும் நெடுநாள் கெடாதிருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். (சார்பதிவாளர் அலுவலகத்தில் காத்து நின்றவர்களுக்கு இப்பகுதி தனிச் சுவை தரும்.) இந்த நாட்டில் வீடுகளும் வயல்களும் திராட்சைத் தோட்டங்களும் மீண்டும் வாங்கப்படும் என்பதே அவர் பெற்ற வாக்குறுதி. வறண்ட நிலம் பூக்கும் என்று ஏசாயா கவிதையாகச் சொன்னதை இவர் கிரயப் பத்திரமாக எழுதிவைத்தார்.

பணத்தைக் கொடுத்த பின் அவருக்கே ஐயம் எழுகிறது. நகரம் பகைவர் கைக்குப் போகும் வேளையில் வாங்கச் சொன்னது ஏன் என்று இறைவனிடமே கேட்கிறார். அந்தக் கேள்வியை நூல் மறைக்காமல் பதிந்திருப்பதால்தான் அவரது நம்பிக்கையை என்னால் நம்ப முடிகிறது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மனைவி காலமானார். ஆறுதல் சொன்ன பலரும் ‘விரைவில் எல்லாம் சரியாகிவிடும்’ என்றனர். எரேமியாவின் காலத்திலும் அனனியா என்பவர், நாடு கடத்தப்பட்டோர் இரண்டே ஆண்டுகளில் திரும்புவர் என்றார். மக்கள் விரும்பிக் கேட்டிருப்பார்கள். எரேமியா சொன்னதோ 70 ஆண்டுகள். அவர் பேச்சைக் கேட்ட முதியோர் பலருக்கு அது தம் வாழ்நாளைத் தாண்டிய கணக்கு. ஆயினும், அந்நிய மண்ணில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று அவர்களுக்குக் கடிதம் எழுதினார். அவள் போனபின் தரிசாகக் கிடக்கும் எங்கள் ஊர் நிலத்தை விற்க நான் முன்பணம் வரை பேசியிருந்தேன். சென்ற மாதம் அப்பேச்சை நிறுத்திவிட்டேன்.

எரேமியா அந்த வயலில் உழவே இல்லை. நகரம் வீழ்ந்த பின் அவரை எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டனர். கி.மு. 539-இல் பாபிலோன் பாரசீக மன்னர் சைரசிடம் வீழ்ந்தது. நாடு கடத்தப்பட்டோர் திரும்பத் தொடங்கினர். திரும்பியவர்களின் பட்டியல் எஸ்றா நூலில் ஊர்வாரியாக இருக்கிறது. அதில் ஆனதோத் ஊரார் 128 பேர்.