கோடியில் நிற்பவனுக்குக் கோடி ரூபாய்!

சடுகுடு என்று நம் தாத்தாக்கள் அழைத்த ஆட்டம் இன்று கபடி என்ற பெயரில் உலகை வலம் வருகிறது. மண் தரையில் ஆடியதை மெத்தை விரிப்பில் ஆடுகிறார்கள். கோவணத்தை வரிந்து கட்டி ஆடியவர்களின் பேரப் பிள்ளைகள் காலணி அணிந்து தொலைக்காட்சியில் ஆடுகிறார்கள். 2014-ஆம் ஆண்டு புரோ கபடி லீக் தொடங்கிய பிறகு ஏலம் என்ற ஒன்றும் வந்து சேர்ந்தது. அது முதல் நமது கோலார் தங்கவயலில் பல பெற்றோர்களின் நாவில் ஒரே கேள்விதான்: "நம்ம பையன் தேறுவானா சார்?"

இக்கேள்விக்கு விடை சொல்லும் முறையைத்தான் இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன். ஆட்டத்தின் எல்லா இடங்களையும் எடுத்துக்கொண்டால் ஏடு போதாது. ஆகவே கார்னர் எனப்படும் கோடி ஆட்டக்காரரை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

கோடி ஆட்டக்காரர் யார்?

தடுக்கும் அணியில் ஏழு பேர் நிற்பார்கள். இடது கோடியில் ஒருவர், வலது கோடியில் ஒருவர். இவ்விருவரும்தான் கார்னர்கள். அவர்களை அடுத்து உட்புறம் நிற்பவர்களும், கவர் எனப்படும் அரண் ஆட்டக்காரர்களும், நடுவில் ஒருவரும் இருப்பார்கள். ஆண்கள் ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பாடி வருபவர் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் உள்ள கோட்டைத் தாண்டியே ஆகவேண்டும். அதற்கு அப்பால் ஒரு மீட்டரில் போனஸ் கோடு. 30 விநாடிக்குள் அவர் திரும்பிவிட வேண்டும்.

பாடி வருபவர் கோடிப் பக்கம் கால் நீட்டும்போது கணுக்காலையோ தொடையையோ பிடித்து நிறுத்துவது கார்னரின் வேலை. அவர் பிடித்த அரை விநாடிக்குள் கவர் ஆட்டக்காரர் பாய்ந்து மறிக்க வேண்டும். முதல் பிடி தளர்ந்தால் மற்றவர்களின் முயற்சி பெரும்பாலும் வீணாகும். அணை முழுவதும் உறுதியாக இருந்தும் மதகு உடைந்தால் என்ன ஆகும்? அதுதான் கார்னரின் நிலை.

இந்த வேலைக்கு இன்று என்ன மதிப்பு என்று பாருங்கள். 2014-ஆம் ஆண்டின் முதல் ஏலத்தில் மிக அதிக விலை 12 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். 2018-இல் ஒரு கோடி ரூபாயைத் தொட்ட முதல் வீரர் ஈரான் நாட்டு ஃபசல் அத்ராச்சலி. அவர் இடது கார்னர். 2023 ஏலத்தில் இன்னொரு ஈரானிய இடது கார்னரான முகமதுரெசா ஷாட்லூயியை 2 கோடியே 35 லட்சத்துக்குப் புனேரி பல்தான் வாங்கியது. அந்த அணியே கோப்பையை வென்றது. அடுத்த ஆண்டு அவரை 2 கோடியே 7 லட்சத்துக்கு ஹரியானா ஸ்டீலர்ஸ் வாங்கியது. அவர்களும் கோப்பையை வென்றார்கள். கோடியில் நிற்பவருக்குக் கோடி கொடுப்பது சும்மா அல்ல!

எவற்றைக் கவனிக்க வேண்டும்?

முதலாவது, கால் நிலை. கார்னர் முழங்காலை மடக்கி, எடையை முன்பாதத்தில் வைத்து நிற்க வேண்டும். குதிகாலில் நிற்பவன் ஒரு கணம் தாமதிப்பான். பிடித்த பிறகும் பாருங்கள். கையால் மட்டும் பிடிக்கிறானா, அல்லது தோளையும் இடுப்பையும் கொண்டுவந்து பிடிக்கிறானா? கைப்பிடியை மட்டும் நம்புபவன் பள்ளிக்கூட ஆட்டத்தில் ஜெயிப்பான். எண்பது கிலோ எடையுள்ள ஆள் உதறும்போது அந்தப் பிடி நிற்காது.

இரண்டாவது, பொறுமை. பாய்ந்து பாய்ந்து பிடிப்பவனுக்குத்தான் கைதட்டல் அதிகம். ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. ஒரு பையன் பதினைந்து முறை முயன்று ஐந்து முறை பிடிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து புள்ளி வந்தது. தவறிய பத்து முயற்சியில் எதிரணிக்குக் குறைந்தது பத்துப் புள்ளி போனது. நிகர நஷ்டம் ஐந்து. இன்னொரு பையன் ஆறு முறை முயன்று நான்கு முறை பிடிக்கிறான். நான்கு வந்தது, இரண்டு போனது. நிகர லாபம் இரண்டு. முதல் பையனின் பெயர்தான் ஊரெல்லாம் ஒலிக்கும். ஆனால் அணிக்கு வேண்டியவன் இரண்டாமவன். மேலும், தவறிய ஒவ்வொரு முறையும் கார்னர் வெளியே போகிறார். அவர் திரும்பி வரும்வரை அந்தக் கோடி காலி.

எனவே பெற்றோர்களும் பயிற்சியாளர்களும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் வெற்றியை மட்டும் எழுதாமல் முயற்சியையும் சேர்த்து எழுதுங்கள். பத்து ஆட்டத்துக்காவது எழுதினால்தான் உண்மை தெரியும்.

மூன்றாவது, நெருக்கடி நேர ஆட்டம். களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் இரண்டு புள்ளி. இதை சூப்பர் டேக்கிள் என்கிறார்கள். ஏழு பேர் சூழ நிற்கும்போது எவனும் வீரன்தான். இரண்டு பேர் மட்டும் நிற்கும்போது பையனின் முகத்தைப் பாருங்கள். அதேபோல, இரண்டு முறை புள்ளியின்றித் திரும்பிய அணி மூன்றாம் முறை புள்ளி எடுத்தே ஆகவேண்டும். இல்லையேல் பாடியவர் வெளியே. அந்த மூன்றாம் பாட்டில் அவசரம் பாடி வருபவருக்குத்தான். இதை உணர்ந்து காத்திருக்கும் பையனுக்கு ஆட்ட அறிவு இருக்கிறது.

நான்காவது, யாரை எதிர்த்து ஆடினான் என்பது. தெரு அணிக்கு எதிராக எடுத்த எட்டுப் புள்ளியும், மாநில அணி வீரர்களுக்கு எதிராக எடுத்த மூன்று புள்ளியும் ஒன்றல்ல. மண் தரையில் மட்டும் ஆடியவனை மெத்தை விரிப்பில் ஆடவிட்டுப் பார்ப்பதும் அவசியம். கால் வழுக்கும் விதமே வேறு.

ஐந்தாவது, உடல். கோடியில் நிற்பவரின் முழங்கால்மீது பக்கவாட்டில் விசை விழுகிறது. அங்கே தசைநார் அறுந்து அறுவை சிகிச்சை செய்தால், களத்துக்குத் திரும்பப் பெரும்பாலும் ஒன்பது மாதமாவது ஆகும். ரயில்வேயில் நான் பணியாற்றிய காலத்தில் தண்டவாளத்தின் மேற்புறப் பளபளப்பைப் பார்த்து யாரும் சான்று கொடுப்பதில்லை. மீயொலிக் கருவியை ஓட்டி உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்போம். பையனின் முழங்காலுக்கும் அதே மரியாதையைக் கொடுங்கள். வலியை மறைத்து ஆடுவது வீரம் ஆகாது.

அமெரிக்காவில் ஒரு பாடம்

அமெரிக்கக் கால்பந்தில் டிபென்சிவ் எண்ட் என்றொரு இடம் உண்டு. அவரும் தடுப்பு வரிசையின் கோடியில் நிற்பவர்தான். பந்து எறியும் தலைவரை ஓடிப்போய் வீழ்த்துவது அவர் வேலை. கல்லூரி மாணவர்களை அளக்க அங்கே ஆண்டுதோறும் இண்டியானாபொலிஸ் நகரில் பெரிய சோதனையே நடக்கிறது. நாற்பது கஜ ஓட்டம், 102 கிலோ எடையை எத்தனை முறை தூக்குகிறான், எவ்வளவு உயரம் குதிக்கிறான் என்று எல்லாம் அளக்கிறார்கள். பிறகு 32 அணிகளும் ஏழு சுற்றுகளில் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்.

இத்தனை அளந்தும் என்ன ஆயிற்று? வெர்னான் கோல்ஸ்டன் என்பவர் சோதனையில் எல்லாரையும் மலைக்க வைத்தார். 2008-இல் நியூயார்க் ஜெட்ஸ் அணி அவரை ஆறாவது ஆளாகவே எடுத்துக்கொண்டது. மூன்று ஆண்டுகள் ஆடியும் எறிபவரை ஒருமுறைகூட அவரால் வீழ்த்த முடியவில்லை. 2004-இல் ஜாரெட் ஆலன் என்பவர் அதிகம் பெயர் பெறாத கல்லூரியிலிருந்து நான்காம் சுற்றில் 126-ஆவது ஆளாக வந்தார். 136 முறை வீழ்த்தினார். 2025-இல் அவ்விளையாட்டின் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார். அளவுகோல் வேண்டும்தான். ஆனால் அளவுகோல் ஆட்டம் ஆடாது.

நம்மவரிலும் உதாரணம் உண்டு. தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன் வலது கார்னர். 2016-இல், நாற்பது வயதைக் கடந்த நிலையில், பாட்னா பைரட்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பையை வென்றார். அதே ஆண்டு உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அந்த வயதில் வேகத்தை மட்டும் நம்பி ஆட முடியுமா? எப்போது பிடிக்கக் கூடாது என்று அறிந்திருந்ததே அவரது பலம்.

பெற்றோர்களுக்குச் சில வார்த்தைகள்

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது முதல் நம் ஊர்க் குடும்பங்களின் பிழைப்பு பெங்களூரு ரயிலோடு கட்டப்பட்டிருக்கிறது. விடியற்காலையில் மாரிகுப்பத்தில் ஏறி இரவில் இறங்கும் வாழ்க்கையிலிருந்து மகனாவது தப்பட்டும் என்ற ஆசை நியாயமானது. அதனாலேயே யாராவது ஒருவர் வந்து "உங்கள் மகனுக்கு ஏலத்தில் இடம் வாங்கித் தருகிறேன்" என்றால் மனம் தடுமாறுகிறது. கல்லூரியை நிறுத்தவும், நகையை அடகு வைக்கவும் துணிகிறோம்.

அமைதியாகக் கணக்குப் போடுங்கள். புரோ கபடியில் 12 அணிகள். ஓர் அணிக்கு இரண்டு கார்னர்கள். ஆக, இத்தனை பெரிய நாட்டில் களத்தில் முதலில் இறங்கும் கார்னர்கள் 24 பேர்தான். அதிலும் வெளிநாட்டார் உண்டு. கோடிகள் ஓரிருவருக்கே. 2023 ஏலத்தில் கடைசிப் பிரிவின் அடிப்படை விலை 9 லட்சம். அதுவும் ஒரு பருவத்துக்கு.

இன்னொரு வாசலும் உண்டு. ரயில்வே போன்ற துறைகளில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கிறது. ரயில்வே தேர்வில் மொத்தம் 100 மதிப்பெண். அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் செய்த சாதனைக்கு 50, களத்தில் திறமையையும் உடல் தகுதியையும் காட்டுவதற்கு 40, கல்விக்கு 10. தெருக் கோப்பைகள் பத்து இருந்தாலும் இங்கே உதவாது. மாநில அணிக்காகத் தேசியப் போட்டியில் ஆடிய சான்றிதழ் ஒன்று இருந்தால் அது பேசும். கல்விச் சான்றிதழ் இல்லாவிட்டால் விண்ணப்பமே போட முடியாது.

ஆகவே மகனை ஆடவிடுங்கள், படிக்கவும் வையுங்கள். முறையான சங்கத்தில் பதிவு செய்யுங்கள். சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள். இடம் வாங்கித் தருவதாகப் பணம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். நல்ல கார்னர் எதிராளி கால் நீட்டியவுடன் பாய்வதில்லை. அவர் திரும்பும் கணம்வரை காத்திருந்து பிடிக்கிறார். பிடித்தபின் விடுவதில்லை. பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பொறுத்தவரை பெற்றோர்களாகிய நாமும் கோடியில் நிற்பவர்கள்தாம்.