இதற்குக் கீழே கூடாது

என் அக்கா மகள் மாதக் கடைசியில் ஒரு சின்ன நோட்டில் கணக்கு எழுதுவாள். சார்ட் அட்டை, ஸ்கெட்ச் பேனா, பசை, ஜெராக்ஸ். எல்லாம் அவள் நடத்தும் மூன்றாம் வகுப்புக்காக. ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனி அட்டை வேண்டும். பள்ளிக்கு வந்த பொருள் தீர்ந்துவிட்டால் கைக்காசுதான். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆனால், பஸ் நிற்கும் முக்குரோட்டிலிருந்து பள்ளிக்கு ஷேர் ஆட்டோ: போக 20, வர 20. ஒரு மாதம் அந்த நோட்டைக் கூட்டிப் பார்த்தோம். 1,500 ரூபாயைத் தாண்டியது. அவள் சம்பளம் 12,000.

ஆசிரியர் பட்டயப் படிப்பு முடித்தவள், ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டில் தேர்ச்சி பெற்றவள். ஓர் அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் நியமிக்கப்பட்ட தற்காலிக இடைநிலை ஆசிரியை. காலை பிரார்த்தனை முதல் மாலை மணி அடிக்கும்வரை பக்கத்து வகுப்பு டீச்சர் செய்யும் அத்தனை வேலையும் இவளுக்கும் உண்டு. பக்கத்து வகுப்பு டீச்சர் நிரந்தரப் பணியாளர். அவருடைய பதவிக்குத் தொடக்க அடிப்படை ஊதியமே 20,600. 2024 ஜனவரி முதல் கிடைத்த 50 விழுக்காடு அகவிலைப்படியைச் சேர்த்தால் 30,900. வீட்டு வாடகைப்படி தனி.

2022-ல் அரசுப் பள்ளிகளில் 13,331 காலியிடங்களைத் தற்காலிகமாக நிரப்ப அரசு முடிவெடுத்தது. அப்போது இடைநிலை ஆசிரியருக்கு அறிவித்த தொகுப்பூதியம் 7,500 ரூபாய்; பட்டதாரி ஆசிரியருக்கு 10,000; முதுநிலை ஆசிரியருக்கு 12,000. பிறகு அது 12,000, 15,000, 18,000 என உயர்ந்தது. உயர்த்தியது நல்ல காரியம்தான். ஆனால், 7,500 என்ற எண் எதிலிருந்து வந்தது? அதை 12,000 ஆக்கியபோது எந்த அளவுகோலை வைத்து ஆக்கினார்கள்? ஒரு பையில் எத்தனை கிலோ சிமென்ட் இருக்க வேண்டும் என்பதற்குக்கூட விதி இருக்கிற நாட்டில், ஆசிரியரின் சம்பளம் இதற்குக் கீழே போகக் கூடாது என்று சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. இருப்பதெல்லாம் அரசாணைகள். ஓர் அரசாணை தருவதை இன்னோர் அரசாணை எடுத்துவிடும்.

நிரந்தரப் பணியில் இருப்பவர்களுக்கே இது நடந்திருக்கிறது. ஆறாவது ஊதியக்குழுப் பரிந்துரையைத் தமிழகம் நடைமுறைப்படுத்தியபோது, ஏற்கெனவே பணியிலிருந்த இடைநிலை ஆசிரியரின் தொடக்க ஊதியமான 4,500-ஐ 1.86 ஆல் பெருக்கினார்கள், 8,370 வந்தது. 2009 ஜூன் 1 முதல் சேர்ந்தவர்களுக்கு அந்தப் பெருக்கல் இல்லை. புதிய ஊதிய விகிதத்தின் அடிமட்டமான 5,200-இல் அமர்த்தப்பட்டார்கள். மே 31-க்கும் ஜூன் 1-க்கும் இடையே 3,170 ரூபாய். தர ஊதியமாக 2,800 இருவருக்கும் உண்டு. அதையும் கூட்டினால் ஒருவருக்கு 11,170, மற்றவருக்கு 8,000.

ஏழாவது ஊதியக்குழு வந்ததும் இரண்டையும் 2.57 ஆல் பெருக்க வேண்டியிருந்தது. ஆண்டு ஊதிய உயர்வுகளை விட்டுவிட்டு இந்தத் தொடக்க எண்களை மட்டும் பெருக்கிப் பாருங்கள். 3,170 வித்தியாசம் 8,000-த்துக்கு மேல் போய்விடுகிறது. அகவிலைப்படி அடிப்படை ஊதியத்தின் மீதுதான் கணக்கிடப்படுகிறது. ஓய்வுக்காலச் சேமிப்புக்கும் அதுதான் ஆதாரம். ஆகவே, ஒரு நாள் பிந்திச் சேர்ந்ததன் விலையை அந்த ஆசிரியர் பணிக்காலம் முழுவதும் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்று 2018 டிசம்பரிலும் 2022 டிசம்பரிலும் சென்னை டிபிஐ வளாகத்தில் குளிரில் உண்ணாவிரதம் கிடந்தவர்கள் இவர்கள்தான். 2023 புத்தாண்டு அன்று மூன்று பேர் குழு ஒன்று அறிவிக்கப்பட்டு, போராட்டம் முடிந்தது. சட்டம் ஒன்று இருந்திருந்தால் குழுவுக்கே தேவை இருந்திருக்காது.

குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 1948-லேயே வந்துவிட்டதே என்று கேட்கலாம். ஆசிரியர் அதற்குள் வர மாட்டார். ஹரியாணாவில் அங்கீகாரம் பெறாத தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு அந்தச் சட்டத்தின்கீழ் ஊதியம் நிர்ணயித்தபோது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. உடலுழைப்போ எழுத்தர் வேலையோ செய்கிறவர்தான் அந்தச் சட்டம் சொல்லும் ‘ஊழியர்’. கற்பிக்கிறவர் அதில் அடங்க மாட்டார் என்று 1996-ல் தீர்ப்பு வந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு இந்த வரையறையை விரித்திருக்கிறது. மேற்பார்வை, நிர்வாகம், தொழில்நுட்பம் எல்லாம் அதில் உண்டு. ‘கற்பித்தல்’ என்ற சொல் மட்டும் இல்லை.

பணிக்கொடையிலும் இதே கதவு ஒருமுறை அடைபட்டது. ஆசிரியர் ‘ஊழியர்’ அல்ல, அதனால் பணிக்கொடை கிடையாது என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாடாளுமன்றம் 2009-ல் சட்டத்தைத் திருத்தி, 1997 முதல் செல்லும்படி ஆசிரியர்களை உள்ளே கொண்டுவந்தது. தனியார் பள்ளிகள் எதிர்த்து வழக்காடின. 2022-ல் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. மனம் இருந்தால் சட்டத்தில் இரண்டு வரி போதும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

கல்வி உரிமைச் சட்டத்தின் 23ஆவது பிரிவு ஆசிரியரின் சம்பளத்தை விதிகளுக்கு விட்டுவிட்டது. மத்திய அரசின் 2010 விதிகளில், ஒரே மாதிரியான வேலைக்கும் அனுபவத்துக்கும் நிரந்தர ஆசிரியருக்கு ஈடான ஊதியம் என்ற வாசகம் இருக்கிறது. மாநிலங்கள் தத்தம் விதிகளை எழுதிக்கொள்ளலாம் என்பதால் அந்த வாசகம் ஊர்வரை வந்து சேரவில்லை. நீதிமன்றத்தை நம்பிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு பிஹார் உதாரணம். அங்கே பஞ்சாயத்துகளும் நகராட்சிகளும் நியமித்த சுமார் மூன்றரை லட்சம் ஆசிரியர்கள் சம ஊதியம் கேட்டார்கள். பாட்னா உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள். 2019 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். மாநிலத்தின் நிதிச்சுமை அங்கே எடுபட்டது.

பிரேசில் இந்த இடத்தைச் சட்டம் போட்டுத் தாண்டியது. 2006-ல் அரசமைப்பைத் திருத்தினார்கள்; 2008 ஜூலை 16 அன்று அதிபர் லூலா 11,738ஆம் எண் சட்டத்தில் கையெழுத்திட்டார். வாரம் 40 மணி நேரம் வேலை செய்யும் அரசுப் பள்ளி ஆசிரியருக்கு நாடு முழுக்க 950 ரெயாலுக்குக் குறையாத மாதச் சம்பளம். வேலை நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு பாடம் தயாரிக்க, நோட்டுத் திருத்த. இரவு பதினோரு மணிக்கு அட்டை வெட்டிக்கொண்டிருக்கும் அக்கா மகளை நினைக்கும்போது, எனக்கு அந்த இரண்டாவது ஷரத்துதான் பெரிதாகத் தெரிகிறது. ஐந்து மாநில ஆளுநர்கள் எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2011 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஒரு மாணவருக்கான கல்வி நிதி உயர்வதை ஒட்டி, ஜனவரிதோறும் தொகை திருத்தப்பட்டுவந்தது. 2022-ல் 33.24 விழுக்காடு உயர்ந்து 3,845 ரெயால், 2025-ல் 4,867. எல்லா நகராட்சிகளும் ஒழுங்காகத் தருவதில்லை. ஆனால், தராத ஊரில் ஆசிரியர் சட்ட எண்ணைச் சொல்லி வழக்குப் போட முடிகிறது. இங்கே நம்மவர்கள் சொல்லக்கூடியது தேர்தல் வாக்குறுதி எண் மட்டும்தான்.

பணத்துக்கு எங்கே போவது என்று நிதித்துறை கேட்கும். நியாயமான கேள்விதான். ஆனால், 30,900-க்குக் குறையாமல் கொடுக்க வேண்டிய இடத்தில் 12,000-க்கு ஆள் கிடைக்கும்போது, அந்த இடத்தை நிரந்தரமாக நிரப்ப யாருக்கு அவசரம் வரும்? காலியிடம் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டம். மலிவான தற்காலிகம்தான் அந்த வரியைச் செல்லாக்காசாக்குகிறது. தற்காலிக ஆசிரியருக்கும் அதே தொடக்க ஊதியம் என்று சட்டம் சொல்லிவிட்டால், நியமனத்தை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதில் எந்த லாபமும் இருக்காது.

பகுதி நேர ஆசிரியர் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. 2012-ல் ஓவியம், தையல், கணினி, உடற்கல்வி என்று 16,549 பேரை 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். வாரம் மூன்று அரை நாள்; மே மாதம் சம்பளம் கிடையாது என்பது அப்போதைய ஏற்பாடு. 2023 அக்டோபரில் அறிவித்த உயர்வோடு மாதச் சம்பளம் 12,500-க்கு வந்தது. பதினோரு மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 11,458. மூன்று அரை நாளுக்கு விகிதம் பார்த்தால் இது குறைவில்லையே என்று அரசு சொல்ல முடியும். கணக்கு சரிதான். ஆனால், அந்த மூன்று அரை நாள் மற்ற நாள்களையும் கட்டிப்போட்டுவிடுகிறது. எந்தக் கடைக்காரர் வாரத்தில் மிச்ச நாளுக்கு மட்டும் வேலை கொடுப்பார்? ஒருவரே நான்கு பள்ளிகள் வரை பார்க்கலாம் என்று தொடக்கத்தில் வந்த அரசாணையே சொன்னது. பலருக்கு ஒரு பள்ளிதான் வாய்த்தது. பள்ளிகளைச் சேர்த்து முழுநேரப் பணியாக்கித் தருவதும் அடிமட்ட ஊதியச் சட்டத்தின் பகுதியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஊதியத்தைக் குறைக்க முடியாதவர்கள் நேரத்தைக் குறைப்பார்கள்.

இந்த ஏப்ரல் கடைசி வேலை நாளில் அக்கா மகளை அழைத்துவர நான் போயிருந்தேன். ஜூனில் கூப்பிடுவார்களா என்று தலைமையாசிரியருக்கே தெரியாது. அட்டைகள் அவள் காசில் வாங்கியவை, வீட்டுக்கு எடுத்து வா என்றேன். ரப்பர் பேண்ட் போட்டு மூன்று கட்டாகக் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் அரும்பு, மொட்டு, மலர் என்று பெரிதாக எழுதி பீரோவில் அடுக்கினாள். “அடுத்து யார் வந்தாலும் தேட வேண்டாம் மாமா” என்றாள். பீரோவைப் பூட்டிச் சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு ஷேர் ஆட்டோவுக்கு நின்றோம்.