நழுவும் கவனம்

நான்கு வயதுக் குழந்தை ஓரிடத்தில் அமராது ஓடுவதும், ஒரு விளையாட்டை முடிக்குமுன் மற்றொன்றை நாடுவதும் இயற்கையே. அவ்வாறிருக்க, கவனக் குறைபாடு என்று மருத்துவர் கூறும் நிலையின் தொடக்கத்தை இளங்குழந்தைகளிடம் எவ்வாறு அறிவது? மாணவ நண்பர்களே, அதனை இன்று சிறிது ஆராய்வோம்.

1902-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் மருத்துவர், அறிவில் குறைவின்றியும் தம்மை அடக்கிக்கொள்ள இயலாத சிறுவர்களைப் பற்றி இலண்டனில் சொற்பொழிவாற்றினார். 1980-இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் நூலில் இந்நிலைக்குக் கவனக் குறைபாடு என்னும் பெயரை அளித்தது.

இதன் அறிகுறிகள் ஓட்டத்தில் மட்டும் இல்லை. சிந்தனையின் போக்கிலும் உள்ளன. "கையைக் கழுவு, தட்டை எடு, பாட்டியிடம் போ" என்று தாய் கூறுகிறாள். குழந்தை கையைக் கழுவிவிட்டு நீரில் விளையாடி நிற்கிறது. மற்ற இரு கட்டளைகளும் மனத்தினின்று நழுவிவிட்டன. கேட்டதைச் செயல் முடியும்வரை ஏந்தி நிற்கும் செயல்நினைவு இங்கே தளர்ந்துள்ளது. அடுத்தது, எழும் உந்துதலைத் தடுக்கும் ஆற்றல். வினா முடியுமுன் விடை வரும். தன் முறை வரும்வரை காத்திருக்க முடியாது. மூன்றாவது, விருப்பமில்லாச் செயலில் கருத்தை முயன்று நிறுத்துவது. விருப்பமான விளையாட்டில் அதே குழந்தை நெடுநேரம் ஆழ்ந்திருக்கும். அதனைக் கண்டு, "வேண்டுமென்றே செய்கிறான்" எனப் பெரியோர் மயங்குவர். ஓடாமல் சாளரத்தை நோக்கி அமைதியாக அமர்ந்திருக்கும் குழந்தையிடமும் இக்குறை இருக்கக்கூடும்; குறிப்பாகப் பெண்குழந்தைகளிடம் இது கவனிக்கப்படாது போகிறது.

ஆயினும் ஓரிரு அறிகுறிகளைக் கண்டதும் முடிவு கட்டலாகாது. வயதொத்த பிள்ளைகளைவிட மிகுதியாகவும், வீட்டிலும் பள்ளியிலும் ஒருங்கேயும், ஆறு திங்களுக்குக் குறையாமலும் அவை நீடித்து, அன்றாட வாழ்வைத் தடைசெய்ய வேண்டும். செவி, பார்வை, உறக்கம் ஆகியவற்றில் குறையுண்டா என்பதையும் ஆராய வேண்டும். முடிவு கூறுவது மருத்துவர் பணி.

இது வளர்ப்பின் பிழையால் விளைவதன்று. மரபுவழிக்குப் பெரும் பங்குண்டு. இக்குழந்தைகளின் மூளைப் புறணி, சராசரியாக மூன்று ஆண்டுகள் பிந்தி முதிர்வதை 2007-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.

இவற்றை அறியாத நாட்களில், ஒரு சிறுவனின் தேர்ச்சி அறிக்கையில் 'கவனக்குறைவு' என்று ஆண்டு முழுவதும் எழுதினேன், பெஞ்சின்மேலும் நிற்கவைத்தேன். வாய்க்கணக்கில் அவன் முதல்வன். கரும்பலகையிலிருந்து பெயர்த்தெழுதும்போதோ ஈற்றெண் எப்போதும் விடுபடும். பலகைக்கும் ஏட்டுக்கும் இடைப்பட்ட அச்சிறு தொலைவிலேயே எண் அவனுக்கு நழுவியதோ என்று இன்று எண்ணுகிறேன். அன்று நான் அவனை ஒருமுறையும் கேட்கவில்லை.

உங்கள் தம்பி தங்கையரிடம் இத்தகைய தளர்ச்சியைக் கண்டால், ஒரு வேளையில் ஒரே கட்டளை கூறுங்கள். செய்ய வேண்டியவற்றைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள். செய்து முடித்தவுடனே பாராட்டுங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுமாறு பெற்றோரிடம் எடுத்துரையுங்கள். பள்ளி செல்லாச் சிறுவருக்கு மருந்தினும் முன்னதாகப் பெற்றோர்க்கான பயிற்சியையே மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர். உங்களுள் நாளை ஆசிரியராவோர், 'கவனக்குறைவு' என்று அறிக்கையில் எழுதுமுன், எவ்விடத்தில் நழுவுகிறது என்று அக்குழந்தையின் அருகில் அமர்ந்து பாருங்கள்.