ஓர் ஆட்டமும் ஆடாமல் 324 புள்ளி: சதுரங்கத் தரப்புள்ளி விதிமாற்றமும் வன்னிப் பிள்ளைகளும்

மாங்குளம் சந்தியில், ஏ9 வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரியும் இடத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் வைத்து ஒரு தந்தை தனது கைபேசியை என்னிடம் நீட்டினார். உலக சதுரங்க சம்மேளனத்தின் (பிடே) இணையத்தளத்தில் அவருடைய மகனின் பக்கம் திறந்திருந்தது. 2024 பெப்ரவரியில் மகனின் தரப்புள்ளி 1190. மார்ச்சில் 1514.

"ஒரு மட்சும் விளையாடேல்லைத் தம்பி. என்னெண்டு 324 கூடினது? பிழையா ஏத்திப்போட்டாங்களோ? பிறகு பிடிச்சுக் குறைச்சால் பெடியன் உடைஞ்சு போவான்."

அவருடைய பயம் எனக்கு விளங்கியது. எங்கோ ஓர் அலுவலகத்தில் யாரோ ஒரு சூத்திரத்தை மாற்ற, இங்கே ஒரு பிள்ளையின் எதிர்காலம் மாறுவதை நாங்கள் நன்றாக அறிவோம். 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் வந்த முறைக்குப் பிறகு 'தரப்படுத்தல்' என்ற சொல்லையே எங்களில் பலரால் சாதாரணமாகச் சொல்ல முடிவதில்லை. ஆனால் இந்த 324 புள்ளியில் பிழையும் இல்லை, சலுகையும் இல்லை. அது ஏன் வந்தது என்பதை விளங்கிக்கொண்டால், வன்னிப் பிள்ளைகளுக்கு உண்மையில் எது குறைவாக இருக்கிறது என்பதும் விளங்கும்.

புள்ளி எதை அளக்கிறது?

பிள்ளைகள் 'ரேற்றிங்' என்று சொல்லும் இந்தத் தரப்புள்ளி முறையை உருவாக்கியவர் ஆர்பாட் ஈலோ. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பௌதிகவியல் பேராசிரியராக இருந்தவர். அமெரிக்க சதுரங்க சம்மேளனம் 1960இலும், பிடே 1970இலும் அவருடைய முறையை ஏற்றுக்கொண்டன.

முறையின் அடிப்படை எளிது. இருவருக்கும் இடையிலான புள்ளி வித்தியாசத்தைப் பார்த்து, யார் எவ்வளவு எடுப்பார் என்று முன்கூட்டியே ஓர் எதிர்பார்ப்பு கணிக்கப்படுகிறது. சமபுள்ளிக்காரர் என்றால் ஆளுக்குப் பாதி. 200 புள்ளி கூடியவரிடம் 100 ஆட்டங்களில் சுமார் 76 புள்ளி எதிர்பார்க்கப்படும். எதிர்பார்த்ததைவிடக் கூட எடுத்தால் ஏறும். குறைய எடுத்தால் இறங்கும்.

1514 உள்ள அந்த மகன் 1714 உள்ள ஒருவருடன் ஆடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனிடம் எதிர்பார்க்கப்படுவது 0.24. வென்றால் மீதி 0.76ஐ ஒரு பெருக்கெண்ணால் பெருக்குவார்கள். 18 வயதுக்கு உட்பட்ட, 2300ஐ எட்டாத பிள்ளைக்கு அந்த எண் 40. ஆகவே வென்றால் 30.4 புள்ளி கூடும். சமநிலை என்றால் 10.4 கூடும். தோற்றால் 9.6 குறையும். வளர்ந்தவர்களுக்குப் பெருக்கெண் பொதுவாக 20. ஒருமுறை 2400ஐத் தொட்டவர்களுக்கு 10.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பலகையில் நீங்கள் எவ்வளவு அழகாக ஆடினீர்கள் என்பதை இந்த முறை பார்ப்பதில்லை. யாருடன் ஆடினீர்கள், என்ன முடிவு என்ற இரண்டு மட்டுமே அதற்குத் தெரியும். ஆடாத ஆட்டம் அதற்குத் தெரியவே தெரியாது.

குளத்துத் தண்ணீர்

வன்னியில் குளத்தைத் தெரியாதவர் இல்லை. தரப்புள்ளியும் குளத்துத் தண்ணீர் மாதிரித்தான். பெருக்கெண் ஒன்றாக இருக்கும் இருவர் ஆடினால் ஒருவர் பெறுவது மற்றவர் இழப்பதே. தண்ணீர் கூடுவதில்லை, இடம் மாறுகிறது. புதியவர்கள் உள்ளே வரும்போதும், பழையவர்கள் ஆட்டத்தை விட்டுப் போகும்போதும்தான் மொத்த அளவு பெரிதாக மாறும்.

இப்போது ஒரு பிள்ளை 1100 புள்ளியுடன் குளத்துக்குள் வருகிறது. வீட்டில் கைபேசியில் பழகி, ஒரு வருடத்தில் 1500க்குரிய பலத்தைப் பெற்றுவிடுகிறது. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட போட்டி வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ மட்டும். எனவே புள்ளி 1100க்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அடுத்த போட்டியில் 1500 புள்ளியுள்ள ஒருவரை வெல்கிறது. அவர் தன்னைவிட மிகப் பலவீனமான ஒருவரிடம் தோற்றதாகக் கணக்கு எழுதப்பட்டு நிறையப் புள்ளி இழக்கிறார். இப்படி ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வந்தால் அறிவு கூடிக்கொண்டே போகும், தண்ணீர் மட்டும் அப்படியே இருக்கும். ஆளுக்குக் கிடைக்கும் பங்கு குறையும்.

உலக அளவில் நடந்தது இதுதான். தொடக்கத்தில் 2200க்கு மேற்பட்டவர்களுக்கே பிடே பட்டியலில் இடம் இருந்தது. அந்த அடிமட்டம் படிப்படியாக இறக்கப்பட்டு 2012இல் 1000 ஆனது. பெருந்தொகையான சிறுவர்கள் குறைந்த புள்ளியுடன் உள்ளே வந்தார்கள். கொரோனாக் காலத்தில் இணையத்தில் ஆடிப் பலம் கூட்டியவர்களின் புள்ளியோ, நேரடிப் போட்டிகள் இல்லாததால் உறைந்து கிடந்தது. ஜெஃப் சோனாஸ் என்ற அமெரிக்கப் புள்ளிவிபர ஆய்வாளர் முடிவுகளை ஆராய்ந்து, 2000க்குக் கீழே புள்ளி வித்தியாசம் காட்டும் அளவுக்குப் பலத்தில் வித்தியாசம் இல்லை என்று காட்டினார். குறைந்த புள்ளிக்காரர்கள் எதிர்பார்ப்பைவிடத் தொடர்ந்து கூட எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

2023இல் அவர் வைத்த முன்மொழிவை ஏற்றுக்கொண்ட பிடே, 2024 மார்ச் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. 2000க்குக் கீழ் உள்ள ஒவ்வொருவருக்கும், 2000ஐ அடைய எவ்வளவு குறைவோ அதில் 40 சதவீதம் ஒரே தடவையில் கூட்டப்பட்டது. அந்த மகனுக்கு 2000 ஆக 810 குறைவு. அதில் 40 சதவீதம் 324. கணக்கு சரி.

கூடினது எல்லோருக்கும்

இதனால் அவன் யாரையும் முந்தவில்லை. 1300 இருந்தவர் 1580 ஆனார், 1000 இருந்தவர் 1400 ஆனார். வரிசை மாறவில்லை, இடைவெளி மட்டும் சுருங்கியது.

பட்டியலின் அடிமட்டமும் அதே நாளில் 1000இலிருந்து 1400க்கு உயர்ந்தது. "வாசலை உயர்த்திப்போட்டாங்கள்" என்று சிலர் குறைப்பட்டார்கள். ஆனால் பழைய 1000தான் புதிய 1400. வாசல் அதே உயரத்தில்தான் இருக்கிறது, படியில் எழுதிய எண் மாறியிருக்கிறது.

புதிதாக வரும் பிள்ளைக்கு இந்த மாற்றத்தில் ஒரு நன்மையும் உண்டு. முதல் தரப்புள்ளி பெற, தரப்புள்ளி உள்ளவர்களுடன் குறைந்தது 5 ஆட்டம் ஆட வேண்டும். 2024 முதல் அந்தக் கணக்கில், 1800 புள்ளியுள்ள இரண்டு கற்பனை எதிராளிகளுடன் சமநிலை செய்ததாகவும் சேர்க்கிறார்கள். சராசரி 1500 உள்ள ஐவருடன் ஆடி ஒன்றரைப் புள்ளி எடுத்த பிள்ளைக்கு, இந்தச் சேர்க்கை இல்லாவிட்டால் 1351தான் வரும். அடிமட்டத்துக்குக் கீழே என்பதால் பட்டியலில் பெயரே இராது. சேர்த்தால் 1484 வரும், பெயர் ஏறும்.

இசட் புள்ளியை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். உயர்தரத்தில் ஒருவரின் மூலப் புள்ளிக்குத் தனியே அர்த்தம் இல்லை, எந்தக் கூட்டத்துடன் ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தே அதற்குப் பெறுமதி. 2011 உயர்தரப் பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்ட மாணவர்களை ஒன்றாகப் போட்டுக் கணித்தபோது எழுந்த சிக்கல் 2012இல் உயர்நீதிமன்றம் வரை போனது நினைவிருக்கும். சதுரங்கத்திலும் அப்படித்தான். கூட்டத்தை மாற்றினால் எண்ணின் பொருள் மாறிவிடும்.

மூடிய குளம்

அப்படியானால் எங்கள் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே ஆடிப் புள்ளி சேர்த்தால் என்ன? அமெரிக்காவில் வெர்ஜீனியா மாநிலச் சிறையில் ஆயுட்கைதியாக இருந்த கிளாட் பிளட்குட், பெரும்பாலும் சக கைதிகளுடனேயே ஆடினார். 1996இல் அவருடைய புள்ளி 2702ஐ எட்டி, அமெரிக்கப் பட்டியலில் இரண்டாமிடத்துக்கு வந்தார். உண்மையான பலம் அந்த அளவுக்குக் கிட்டவும் இல்லை. வெளியுலகத் தொடர்பில்லாத குளத்தில் நீர்மட்டத்தை நம்ப முடியாது என்பதற்கு அவர் உதாரணமானார்.

அவருக்குப் புள்ளி வீங்கியது. வேகமாக வளரும் பிள்ளைகள் மட்டும் உள்ள குளத்தில் நடப்பது அதற்கு நேர்மாறு. எல்லோரும் ஒன்றாகத் திறமை கூட்டுகிறார்கள், ஒருவரிடமிருந்து ஒருவர் பறிப்பதால் எல்லோருடைய புள்ளியும் தாழ்ந்தே கிடக்கிறது. துருசும் வேண்டும், வரத்து வாய்க்காலும் வேண்டும்.

எங்கள் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. நாட்டில் அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் அதிகமானவை மேல் மாகாணத்தைச் சுற்றியே நடக்கின்றன. மாங்குளத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 300 கிலோமீற்றர். போட்டிக் கட்டணத்தைவிடப் பிள்ளைக்கும் கூடப் போகும் பெற்றாருக்கும் ஆகும் பயணம், தங்குமிடம், சாப்பாட்டுச் செலவே பெரிது. நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு இழந்த வேலைநாட்களும் சேரும். கொழும்புப் பிள்ளை வருடத்தில் ஐம்பது ஆட்டம் ஆடும்போது எங்கள் பிள்ளை ஐந்து ஆடினால் பெரிய விடயம்.

அந்த ஐந்தும் எப்படி அமைகிறது? பெரும்பாலான போட்டிகள் சுவிஸ் முறையில் நடக்கின்றன. புள்ளி வரிசைப்படி பட்டியலிட்டு, முதற் சுற்றில் மேல் பாதியைக் கீழ்ப் பாதியுடன் மோதவிடுவார்கள். தரப்புள்ளி இல்லாத பிள்ளை பட்டியலின் அடியில் நிற்கும். எனவே இரவு முழுக்கப் பேருந்தில் வந்து காலையில் உட்காரும்போது எதிரே இருப்பவர் பெரும்பாலும் மிகப் பலமானவர். பிள்ளைக்குத் திறமை இல்லை என்று பெற்றார் முடிவுகட்டுவது பலமுறை இந்த முதற் சுற்றை வைத்துத்தான்.

வாய்ப்பு உள்ளவர் விதியைப் பயன்படுத்துவது உலக உச்சத்திலும் உண்டு. புள்ளி வித்தியாசம் 400க்கு மேல் போனாலும் 400 என்றே கொள்வது ஒரு விதி. அதனால் பெருக்கெண் 10 உள்ள ஒரு கிராண்ட் மாஸ்டர் எவ்வளவு பலவீனமானவரை வென்றாலும் 0.8 புள்ளி நிச்சயம். 2025இல் ஹிகாரு நாகமுரா அமெரிக்காவின் சிறிய போட்டிகளில் ஆடியபோது இது பேசுபொருளானது. 2025 ஒக்டோபர் முதல் 2650க்கு மேற்பட்டவர்களுக்கு அந்த எல்லை நீக்கப்பட்டது. விதிகள் கல்லில் எழுதியவை அல்ல, முன்மொழிந்தால் மாறும்.

நாங்கள் எதைக் கேட்க வேண்டும்?

பல்கலைக்கழக அனுமதியில் வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் உள்ளிட்ட பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 சதவீத ஒதுக்கீடு உண்டு. சதுரங்கத்தில் அப்படிப் புள்ளி கேட்பது பிழை. சும்மா கொடுத்த புள்ளி நாலு ஆட்டத்தில் கரைந்துவிடும். எங்களுக்குத் தேவை புள்ளி அல்ல, ஆட்டம்.

முதலாவது, அங்கீகரிக்கப்பட்ட போட்டி வன்னிக்கு வர வேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்று பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் காலையில் வந்து மாலையில் வீடு திரும்பக்கூடிய இடம் மாங்குளம். புகையிரத நிலையமும் இருக்கிறது. இலங்கை சதுரங்க சம்மேளனம் ஊடாக முன்கூட்டிப் பதிந்து, உரிமம் பெற்ற நடுவர் இருந்து, முடிவுகளை அனுப்பினால் போதும். ஒரு பாடசாலை மண்டபமும் ஒரு சனி ஞாயிறும் ஐந்து சுற்றுக்குப் போதுமானவை.

இரண்டாவது, அந்தப் போட்டிக்கு வெளியிலிருந்து தரப்புள்ளி உள்ளவர்களை அழைக்க வேண்டும். அவர்கள் இல்லாமல் எங்கள் பிள்ளைகளுக்கு முதல் தரப்புள்ளியே கிடைக்காது. புலம்பெயர்ந்த பழைய மாணவர் சங்கங்கள் வெற்றிக் கிண்ணத்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை இதற்குத் திருப்பலாம்.

மூன்றாவது, தெரிவுக்குப் பயன்படும் பட்டியல்களில் புள்ளிக்குப் பக்கத்தில், கடந்த இரண்டு வருடத்தில் எத்தனை ஆட்டம் என்பதையும் எழுத வேண்டும். அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர் மார்க் கிளிக்மன் உருவாக்கிய முறைகளில் புள்ளியுடன் 'எவ்வளவு நிச்சயம்' என்ற அளவும் சேர்ந்தே வரும். லீசெஸ் தளத்தில் ஆடும் பிள்ளைகள், சில புள்ளிகளுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி இருப்பதைக் கண்டிருப்பார்கள். போதிய ஆட்டம் இல்லை என்பதே அதன் அர்த்தம். ஆறு ஆட்டத்தில் வந்த 1500க்கும் அறுபது ஆட்டத்தில் வந்த 1500க்கும் வித்தியாசம் உண்டு என்பதைத் தெரிவாளர்கள் கண்ணால் காண வேண்டும்.

பெற்றாருக்கும் ஒரு குறிப்பு. முதல் தரப்புள்ளிக்கான 5 ஆட்டங்களும் ஒரே போட்டியில் வரவேண்டியதில்லை. 26 மாதங்களுக்குள் ஆடியவற்றைச் சேர்க்கலாம். ஆகவே ஒரு போட்டியில் இரண்டு தகுதியான ஆட்டம்தான் கிடைத்தது என்று அத்துடன் நிறுத்திவிடாதீர்கள்.

இவ்வளவையும் கடைக்காரரின் கணக்குத் துண்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். அவர் நீண்ட நேரம் பார்த்தார்.

"அப்ப இது அவன் வெண்ட புள்ளி இல்லை."

"இல்லை அண்ணை. அவனிட்டை முதலே இருந்த பலத்துக்கு அளவுகோலைத் திருத்தியிருக்கினம். ஒருத்தரும் பிடிச்சுக் குறைக்க மாட்டினம். இனி வெல்லுறதும் தோற்கிறதும்தான்."

துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, "அடுத்த மட்ச் எங்கையாம்?" என்று கேட்டார். கொழும்பு என்றேன். விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். இந்த முறை அவர் எண்ணியது பேருந்துக் காசு.