எம்ஆர்ஐ 'நார்மல்'... ஆனாலும் தலை சுத்துதா? உள்காது வீக்கத்தைக் காட்டும் '4 மணி நேர' ஸ்கேன்!

ஓசூர் சிப்காட்டில் மெஷின் பக்கத்தில் நிற்கும் ஒருவருக்குத் திடீரென எல்லாமே சுற்றினால் என்ன ஆகும்? கை போகலாம், வேலையும் போகலாம். ஒரு நாள் சம்பளத்தை விட்டு, அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு போய் எம்ஆர்ஐ எடுத்தும் ரிப்போர்ட் 'நார்மல்' என வரலாம். அப்படின்னா நோயே இல்லையா? அப்படிச் சொல்லிவிட முடியாது.

என்ன நோயாக இருக்கலாம்?

20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை சுற்றல், ஒரு காதில் இரைச்சல், அடைப்பு, கேட்கும் திறன் ஏறி இறங்குவது... இவை திரும்பத் திரும்ப வந்தால் டாக்டர்கள் 'மெனியர்' நோயைச் சந்தேகிப்பார்கள். சுற்றலுக்கு உள்காதும் காரணம் என 1861-ல் சொன்ன பிரெஞ்சு மருத்துவர் ப்ராஸ்பர் மெனியரின் பெயர் இது.

உள்காதில் ஒரு மெல்லிய சவ்வுக்கு உள்ளேயும் வெளியேயும் இரண்டு திரவங்கள் உண்டு. உள் திரவம் அதிகமானால் சவ்வு உப்பும். இறந்தவர்களின் காது எலும்பை ஆராய்ந்து 1938-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். உயிருடன் இருப்பவரிடம் இந்த வீக்கத்தைப் படம் பிடித்துக் காட்டியது, 2007-ல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகக் குழு.

ஸ்கேன் எப்படி வேலை செய்கிறது?

கை நரம்பில் காடோலினியம் மருந்து போட்டு, சுமார் 4 மணி நேரம் கழித்து 3 டெஸ்லா மெஷினில் படம் எடுப்பார்கள். மருந்து வெளி திரவத்தில் மட்டும் சேர்ந்து வெள்ளையாகத் தெரியும். உள் அறை கறுப்பாகவே இருக்கும். கறுப்பு பெரிதாக இருந்தால் வீக்கம். வழக்கமான ஸ்கேனில் மருந்து போட்ட சில நிமிடங்களிலேயே படம் எடுத்துவிடுவதால் இது தெரியாது.

எல்லாருக்கும் தேவையா?

தேவையில்லை. அறிகுறிகளும் ஆடியோகிராம் பரிசோதனையும்தான் முதல் படி. நரம்புக் கட்டி இல்லை என உறுதி செய்ய வழக்கமான எம்ஆர்ஐ போதும். மெஷின் சத்தத்தால் வரும் காது கேளாமையை இந்த ஸ்கேன் காட்டாது. அதற்கும் ஆடியோகிராம்தான்.

கவனிக்க வேண்டியது

கிட்னி பிரச்னை, கர்ப்பம், பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். '4 மணி நேரம் கழித்து எடுக்கும் உள்காது ஸ்கேன் இருக்கா?' என போனில் கேட்டுவிட்டுக் கிளம்பினால் அலைச்சல் மிச்சம். சுற்றலோடு பேச்சு குழறினாலோ, கை கால் மரத்தாலோ காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.